ஈக்வடாரின் பனி எரிமலைகளில் ஏற: எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்

கயம்பே (5,790 மீட்டர்), கோட்டோபாக்ஸி (5,897), சிம்போராசோ (6,263). பனியாறு (மெல்ல நகரும் தடித்த பனிக்கட்டி) போர்த்திய இந்த மூன்று எரிமலைகளையும் ஒரே பயணத்தில் ஏற நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. சாதாரண மலைநடை பழகியவர், ஆனால் பனியாற்றில் இதுவரை கால் வைக்காதவர் என்று உங்களை வைத்துக்கொண்டு எழுதப்பட்டது.

இங்கே உச்சியைத் தொடாமல் திரும்புபவர்களில் பலர் கால் வலுவில்லாமல் திரும்புவதில்லை. நாட்களைத் தவறாக அடுக்கியதால்தான் திரும்புகிறார்கள். தலைநகர் கித்தோவிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்தில் 4,600 மீட்டரில் இறங்கிவிடலாம். அந்த வசதிதான் பொறி. கார் போகும் வேகத்துக்கு உடம்பு போகாது.

1. கடைசி மலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

முதலில் எந்த மலை உங்கள் இலக்கு என்று முடிவு செய்யுங்கள். பிறகு அதற்கு முந்தைய மலை எது, அதற்கும் முன்னால் எந்த உயரத்தில் எத்தனை இரவு என்று பின்னோக்கி எழுதிக்கொண்டு வாருங்கள். விமான டிக்கெட் எடுப்பது இதற்கெல்லாம் பிறகுதான். பலர் கையில் இருக்கும் விடுமுறையை முதலில் எடுத்துக்கொண்டு அதற்குள் மலைகளைத் திணிக்கிறார்கள். திணிக்கும்போது முதலில் பலியாவது ஓய்வு நாள்.

மூன்று மலைகளும் வேண்டுமென்றால் 18 அல்லது 19 நாள் தேவை. 12 நாள்தான் இருக்கிறது என்றால் சிம்போராசோவை விட்டுவிடுங்கள். 8 நாள் என்றால் பனியாற்று மலை ஒன்று மட்டும்.

ஏறும் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். கோட்டோபாக்ஸியில் ஹோசே ரிவாஸ் மலைக்குடில் 4,864 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு 1,033 மீட்டர். கயம்பேயில் 4,600 மீட்டர் குடிலிலிருந்து 1,190. சிம்போராசோவில் 4,850 மீட்டரில் உள்ள கர்ரெல் குடிலிலிருந்து 1,413. ஆறு மணி நேரத்தில் கோட்டோபாக்ஸி ஏறுபவரின் வேகம் மணிக்கு சுமார் 170 மீட்டர். அதே வேகத்தை அவர் சிம்போராசோவிலும் தக்கவைத்தால்கூட எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 6,000 மீட்டருக்கு மேல் அந்த வேகம் நிற்காது. சிம்போராசோவைக் கடைசியில் வைப்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

2. மாதம்

மூன்று மலைக்கும் சேர்த்து ஒரே காலத்தைச் சொல்லச் சொன்னால் டிசம்பர், ஜனவரி.

ஈக்வடாரில் ஆண்டிஸ் இரண்டு தொடராக ஓடுகிறது. கிழக்குத் தொடரில் இருக்கும் கயம்பே, கோட்டோபாக்ஸி ஆகியவை அமேசான் பக்கத்து ஈரக்காற்றை நேரடியாக வாங்குகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். கோட்டோபாக்ஸி ஓரளவு தப்பிக்கும், கயம்பே மேகத்துக்குள் போய்விடும். மேற்குத் தொடரில் இருக்கும் சிம்போராசோவுக்கும், உயரத்துக்குப் பழக முதலில் ஏறும் இலினிசாவுக்கும் அதே மாதங்கள் உலர்ந்த காலம். ஆகவே ஆண்டு நடுவில்தான் போக முடியும் என்றால் கயம்பேக்கு இரண்டு மாற்று நாள் ஒதுக்குங்கள், அல்லது அதை விட்டுவிடுங்கள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களைத் தவிர்க்கவும். புதிதாக விழும் பனி கனமாகவும் ஈரமாகவும் இருக்கும். அடியில் இருக்கும் பழைய பனியோடு அது பிணைவதற்குள் ஆள் ஏறினால் சரிந்துவிடும். சிம்போராசோவில் 1993 நவம்பரிலும் 2021 அக்டோபரிலும் பனிச்சரிவில் சிக்கி மலையேறிகள் இறந்தார்கள். நல்ல மாதத்திலேயே போனாலும், முந்தைய இரண்டு நாட்களில் பனி கொட்டிக் காற்றும் அடித்திருந்தால் காத்திருப்பதுதான் முறை.

3. கைடு, ஒப்பந்தம், காப்பீடு

பனியாறு உள்ள சிகரங்களுக்குச் சான்றிதழ் பெற்ற மலை கைடு இல்லாமல் போக ஈக்வடார் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆசெகிம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாட்டு மலை கைடுகள் சங்கத்தின் அட்டை அவரிடம் இருக்க வேண்டும். "இவர் நூறு தடவை ஏறியவர்" என்ற வாய்ச்சொல் போதாது. அட்டையைப் பார்க்கக் கேளுங்கள். நல்ல கைடுகள் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள் சில உண்டு. ஒரு கைடுக்கு எத்தனை பேர்? பனியாற்றில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. மலை மூடப்பட்டால் எந்த மலைக்கு மாற்றுவார்கள், அதற்குத் தனிக் கட்டணமா? குடில் கட்டணம், உணவு, நான்கு சக்கர இயக்க வண்டி, கருவி வாடகை ஆகியவற்றில் எவை தொகைக்குள் அடங்கும்?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: கயிற்றில் இருக்கும் இருவரில் ஒருவர் திரும்ப வேண்டியிருந்தால் மற்றவர் என்ன செய்வார்? ஒரு கைடு, இரண்டு பேர் என்றால் விடை ஒன்றுதான். மூவரும் திரும்ப வேண்டும். பனியாற்றில் யாரையும் தனியாக உட்கார வைக்கவோ தனியாக இறக்கிவிடவோ முடியாது. முன்பின் தெரியாத ஒருவரோடு உங்களை இணைத்திருந்தால், அவருடைய தலைவலி உங்கள் மலையேற்றத்தையும் முடித்துவிடும். வேகம் ஒத்தவரோடு மட்டும் கயிற்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள். சிம்போராசோவுக்கு மட்டுமாவது ஆளுக்கு ஒரு கைடு வைத்துக்கொள்வது கூடுதல் செலவுக்குத் தகும்.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: உயர வரம்பு, கயிறு பயன்படுத்தும் மலையேற்றம். பல பயணக் காப்பீடுகள் 4,500 மீட்டரிலோ 6,000 மீட்டரிலோ நின்றுவிடும். கயிறும் கிராம்பானும் (பனியில் வழுக்காமலிருக்கக் காலணியடியில் மாட்டும் பல் சட்டம்) வந்தால் பொறுப்பேற்காதவையும் உண்டு. மீட்பு பெரும்பாலும் தரைவழியாக, மற்ற கைடுகளின் தோளில்தான் நடக்கும். ஹெலிகாப்டர் வரும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். நாட்டின் அவசர எண் 911.

2000-ஆம் ஆண்டு முதல் ஈக்வடாரின் நாணயம் அமெரிக்க டாலர்தான். 50, 100 டாலர் தாள்களை ஊர்களில் மாற்றுவது கடினம். சிறிய தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. எரிமலை விழித்திருக்கிறதா?

கோட்டோபாக்ஸி உயிருள்ள எரிமலை. 2015 ஆகஸ்டில் அது வெடித்த பிறகு 2017 வரை உச்சிக்கு ஏற அனுமதி இல்லை. 2022 இறுதியில் மீண்டும் சாம்பல் கக்கியது. தேசியப் பல்தொழில்நுட்பப் பள்ளியின் புவி இயற்பியல் நிறுவனம் எரிமலை அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து அவற்றைப் பாருங்கள். பூங்கா திறந்திருப்பதும் உச்சிக்கு அனுமதி இருப்பதும் வேறு வேறு என்பதையும் மனதில் வையுங்கள்.

சாம்பலால் இன்னொரு தொல்லையும் உண்டு. வெள்ளைப் பனிமேல் கருஞ்சாம்பல் படிந்தால் அது வெயிலை உறிஞ்சும், பனி சீக்கிரம் உருகும். போன மாதம் நடக்க முடிந்த பனிப்பாலம் (பனியாற்றுப் பிளவை மூடியிருக்கும் பனி) இந்த மாதம் இல்லாமல் போகலாம். பழைய பயணக் குறிப்பில் பார்த்த பாதையை நம்பாமல், அந்த வாரம் ஏறிய கைடு சொல்வதை நம்புங்கள்.

உச்சி விளிம்பில் கந்தக நெடி தொண்டையை அடைத்தால் காற்று வரும் பக்கம் ஒதுங்குங்கள். அங்கே நின்று படம் எடுக்க வேண்டாம்.

5. உடம்பைத் தயார் செய்தல்: நான்கு மாதம்

ஓட்டம் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு ஓட்டம் மட்டும் போதாது. தேவைப்படுவது எட்டு, பத்து மணி நேரம் நிற்காமல் மெதுவாக மேலே ஏறும் திறன். வாரத்துக்கு ஒரு நீண்ட ஏற்றம், இரண்டு படிக்கட்டுப் பயிற்சி, ஒரு கால் வலுப் பயிற்சி என்று தொடங்குங்கள். முதல் மாதம் 5 கிலோ சுமை, கடைசி மாதம் 12 கிலோ.

அளவுகோல் இது: தாழ்ந்த இடத்தில் 10 கிலோ சுமையோடு 1,000 மீட்டர் ஏற்றத்தை மூன்று மணி நேரத்தில் முடித்து, மறுநாளும் அதில் பாதியை ஏற முடிய வேண்டும். மலை இல்லாதவர்கள் மாடிப்படியில் எண்ணுங்கள். ஒரு படி 17 செ.மீ. என்றால் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 5,900 படிகள்.

இறங்கும் பயிற்சியை மறந்துவிடுகிறார்கள். தொடையின் முன்தசை ஏறும்போது களைப்பதைவிட இறங்கும்போதுதான் அதிகம் கிழிபடும். ஏறிய படிகளை லிஃப்டில் இறங்காமல் சுமையோடு நடந்தே இறங்குங்கள்.

கடைசி பத்து நாள் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். களைத்த உடம்போடு விமானம் ஏறினால் உயரம் இரட்டிப்பாக அடிக்கும்.

6. நாட்களை அடுக்குதல்

பயணத்தின் உயிர்நாடி இந்தப் பகுதிதான்.

பொது விதி: 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை கூட்டாமல் நிற்க வேண்டும். கணக்கில் வருவது உறங்கும் உயரம். பகலில் தொட்டுவிட்டு வருவது வேறு. சிக்கல் என்னவென்றால், ஈக்வடாரில் இந்த ஏணிக்கு நடுப்படிகள் குறைவு. கித்தோ 2,850 மீட்டர், அடுத்தது 4,600 மீட்டர் குடில். எனவே விதியை எழுத்துக்கு எழுத்து காப்பாற்ற முடியாது. பகலில் உயரத்தைத் தொட்டு, இரவில் கீழே உறங்கி, முதல் உயர இரவை முடிந்தவரை தள்ளிப்போடுவதுதான் வழி.

நாள் 1, 2: கித்தோ. முதல் நாள் எதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் கருவிகளைச் சரிபார்த்து, தெருக்களில் நடந்தால் போதும்.

நாள் 3: பாசோச்சோவா (4,200 மீட்டர்). புல்வெளி நடை. இரவு கித்தோ.

நாள் 4: கம்பிவட வண்டியில் ஏறக்குறைய 3,950 மீட்டர் போய், ருக்கு பிச்சிஞ்சா (4,696 மீட்டர்). காலை முதல் வண்டியிலேயே போங்கள். பிற்பகலில் இடி மின்னல் வரும், அந்த முகட்டில் ஒதுங்க இடமில்லை. இரவு கித்தோ.

நாள் 5: எல் சௌப்பி கிராமம், சுமார் 3,300 மீட்டர். ஓய்வு.

நாள் 6: இலினிசா நோர்ட்டே (5,126 மீட்டர்). 3,900 மீட்டரில் வண்டியை விட்டு விடியுமுன் கிளம்பி, அன்றே இறங்குங்கள். பனியாறு இல்லாத பாறை மலை, ஆனால் கற்கள் உருளும், ஹெல்மெட் வேண்டும். 5,000 மீட்டரில் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆபத்து குறைந்த இடத்தில் சொல்லிவிடும் மலை இது. இங்கே முடியாமல் போனால் அட்டவணையை இரண்டு நாள் தள்ளுங்கள்.

நாள் 7: கயம்பே ஊரில் (2,830 மீட்டர்) ஓய்வு.

நாள் 8, 9: கயம்பே குடில், 4,600 மீட்டர். இரண்டு இரவு, நடுவில் பனியாற்றுப் பயிற்சி.

நாள் 10: கயம்பே உச்சி, ஊருக்கு இறக்கம்.

நாள் 11, 12: ஓய்வு ஒன்று, மாற்று நாள் ஒன்று.

நாள் 13, 14: கோட்டோபாக்ஸி குடில், உச்சி.

நாள் 15: ரியோபாம்பா (2,750 மீட்டர்), ஓய்வு.

நாள் 16, 17: சிம்போராசோ.

நாள் 18: மாற்று நாள்.

மிகப் பரவலான தவறு, பெயர் பெற்ற மலை என்பதால் கோட்டோபாக்ஸியை நான்காம், ஐந்தாம் நாளில் வைப்பது. குடில்வரை தெம்பாகவே போவார்கள். நள்ளிரவில் 5,300 மீட்டரில் வாந்தி எடுப்பார்கள். அந்த உயரங்களில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். மூச்சு வாங்கும் வேகமும் ரத்தமும் அதற்கேற்ப மாற நாட்கள் பிடிக்கும். மன உறுதியால் சுருக்க முடியாத நாட்கள் அவை.

இரண்டாவது தவறு, மாற்று நாளை "வீணாகும் நாள்" என்று வெட்டுவது. ஒரு இரவு காற்று பலமாக அடித்தால் அந்த மலை போய்விடும்.

7. உயரம் உடம்பில் என்ன செய்யும், எப்போது இறங்க வேண்டும்

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் மலைநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நேற்று தூங்கவில்லை, அதனால்தான்" என்று காரணம் தேட வேண்டாம். அறிகுறி இருக்கும்போது அதற்கு மேல் உறங்கப் போகக் கூடாது. ஒரு நாளில் குறையாவிட்டால் இறங்க வேண்டும்.

இரண்டு நிலைகளில் யோசிக்கவே கூடாது, உடனே இறக்கம். ஒன்று, நுரையீரலில் நீர் கோத்தல்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைக்கும், இருமல் நிற்காது, உதடு நீலம் பாயும். இரண்டு, மூளை வீக்கம்: பேச்சு குழறும், நடை தள்ளாடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தரையில் ஒரு நேர்கோடு நினைத்துக்கொண்டு, ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரலோடு ஒட்டி வைத்து பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். குடிலின் சமதளத்தில் தடுமாறாமல் நடக்க முடியாதவர் நடுராத்திரியானாலும் கீழே போக வேண்டும். வண்டி நிற்கும் இடம் பக்கத்தில் இருப்பது ஈக்வடாரின் பெரும் அனுகூலம். ஆயிரம் மீட்டர் இறங்குவது இங்கே ஒரு மணி நேர விஷயம். சம்பந்தப்பட்டவர் "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றுதான் சொல்வார். அந்தப் பேச்சையும் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தடுப்புக்கு அசிடசோலமைடு 125 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒன்று என்பது வழக்கமான அளவு. மருத்துவரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே ஊரில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். விரல் நுனி மரத்துப்போகும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டால் ஓய்வு நாளைக் குறைக்கலாம் என்ற கணக்கு ஆபத்தானது. தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சைத் தணிக்கும்; வேண்டாம்.

8. கருவிகள்: எது சொந்தமாக, எது வாடகைக்கு

பனிக்கோடாரி, கிராம்பான், ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பில் கட்டும் பட்டை), ஹெல்மெட் எல்லாம் கித்தோவில் வாடகைக்குக் கிடைக்கும். காலணி, கையுறை, கண்ணாடி மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும்.

காலணி உள்ளுறை தனியாகக் கழலும் இரட்டைக் காலணியாக இருக்க வேண்டும். சாதாரண மலைநடைக் காலணி இரவுக் குளிரில் விறைத்து விரலைப் பனிக்கடிக்குக் கொடுக்கும். தடித்த காலுறையோடு போட்டு, விரல்கள் தாராளமாக அசைகின்றனவா என்று பாருங்கள். இறுக்கமான காலணி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் குளிரும், ஏனென்றால் ரத்தம் ஓட வழியில்லை. வாடகைக் காலணிதான் என்றால் கித்தோவில் இரண்டாம் நாளே எடுத்து, அறையில் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள்.

கிராம்பான் 12 பல், எஃகு. அலுமினியம் எடை குறைவு, ஆனால் எரிமலைப் பாறையில் மழுங்கிவிடும். அடியில் பனி ஒட்டாத தகடு இருக்கிறதா பாருங்கள். பொருத்தத்தைச் சோதிக்கும் முறை: கிராம்பானைக் காலணியில் மாட்டி, கட்டும் பட்டையை இறுக்காமலே காலணியைத் தூக்கிக் குலுக்குங்கள். கழன்று விழுந்தால் நீளம் சரியில்லை. முன்பற்கள் காலணி முனையைத் தாண்டி இரண்டு செ.மீ. அளவுக்கு நீள வேண்டும். கொக்கி எப்போதும் காலின் வெளிப்புறம். உட்புறம் வந்தால் மற்ற காலின் பல் அதில் மாட்டும். பட்டையின் நீண்ட வாலைச் செருகிவிடுங்கள்.

பனிக்கோடாரி நேரானது, 60 முதல் 65 செ.மீ. பூட்டும் கேரபினர் (கயிறு மாட்டும் உலோக வளையம்) மூன்று, 6 மி.மீ. புரூசிக் கயிறு (பெரிய கயிற்றில் முடிச்சாகச் சுற்றிப் பிடிக்கும் மெல்லிய கயிறு) இரண்டு.

கையுறை மூன்று அடுக்கு: மெல்லிய உள்ளுறை, நடுத்தரம், நான்கு விரலும் ஒன்றாக அடங்கும் காற்று புகாத பெரிய உறை. பெரிய உறைக்கு மணிக்கட்டுப் பட்டி அவசியம். உள்ளுறையோடு கிராம்பான் மாட்டிப் பழகுங்கள். வெறுங்கையில் எஃகைத் தொட்டால் விரல் சூடு திரும்ப அரை மணி நேரம் போகும்.

கண்ணாடி நான்காம் தரக் கருமை, பக்க மறைப்போடு. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அடிக்கும். மூடுபனி இருந்தாலும் கண் எரிந்து குருடாகும். விடிவதற்கு முன் ஏறுவதால் கண்ணாடி பையின் அடியில் போய்விடுகிறது. மேல் பாக்கெட்டில் வையுங்கள்.

உடை அடுக்குகளில் விளக்கம் அதிகம் தேவையில்லை: ஈரம் உறிஞ்சாத உள்ளாடை, கம்பளி நூல் அல்லது ஃபிலீஸ், காற்றும் நீரும் புகாத மேலுறை, நிற்கும்போது போட இறகு ஜாக்கெட். பருத்தி எங்கேயும் வேண்டாம். ஹெட்லாம்புக்குப் புது பேட்டரி, உதிரி பேட்டரி உள்பாக்கெட்டில். குளிரில் பேட்டரி படுத்துவிடும். உறிஞ்சு குழாய்த் தண்ணீர்ப் பை உறைந்துவிடும். ஒரு லிட்டர் புட்டியைத் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் படியும், வாய் திறக்கும். கூடவே ஒரு லிட்டர் தெர்மாஸ்.

9. பனியாற்றுப் பயிற்சி நாளில் கேட்டு வாங்க வேண்டியவை

ஒன்பதாம் நாள் கயம்பேயில் மூன்று மணி நேரம் போதும், ஆனால் வெறும் நடைப் பழக்கமாக முடிய விடாதீர்கள். சாய்வில் அத்தனை அடிப்பற்களும் பதியும்படி பாதத்தைத் தட்டையாக வைப்பது; செங்குத்தில் முன்பற்களை உதைத்து, குதிகாலைத் தூக்காமல் நிற்பது; ஒவ்வொரு அடியிலும் பின்காலை நேராக்கி எலும்பின்மேல் எடையை விட்டு ஒரு நொடி இளைப்பாறுவது. மூன்றாவதுதான் இரவு முழுக்க உங்களைக் காப்பாற்றும்.

விழுந்தால் தடுத்து நிற்பதைக் குறைந்தது பத்து முறை செய்யுங்கள்: குப்புறப் புரண்டு, கோடாரியின் அலகைத் தோளுக்கருகில் பனியில் அழுத்தி, மார்பின் எடையை அதன்மேல் போடுவது. கிராம்பான் போட்டிருக்கும்போது முழங்காலை மடக்கிப் பாதத்தை மேலே தூக்க வேண்டும். பல் பனியில் மாட்டினால் உடம்பு குட்டிக்கரணம் அடிக்கும், கணுக்கால் முறியும்.

கயிற்றில் நடக்கும்போது இடைக்கயிறு பனியை லேசாக உரசும் அளவுக்குத் தொங்கட்டும். தளர்வாக விட்டுக் கையில் சுருட்டிப் பிடிப்பது பெருந்தவறு. முன்னால் போகிறவர் பிளவில் விழுந்தால் அந்தத் தளர்வு முழுவதும் அவர் விழும் தூரம். சுருட்டிய கயிறு உங்கள் விரலையும் எடுத்துவிடும்.

10. குடிலில் அந்த மாலை

மதியத்துக்குள் குடிலுக்குப் போய்விடுங்கள். 4,800 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேகாது. சூப், மெல்லிய நூடுல்ஸ், உருளைக்கிழங்கு மாவு போன்றவை சரி. அன்று முழுவதும் சேர்த்து மூன்று, நான்கு லிட்டர் குடிக்க வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே ஹார்னஸ் மாட்டிப் பாருங்கள், கிராம்பானின் நீளத்தைச் சரிசெய்யுங்கள், பையை அடுக்குங்கள். இரவு 11 மணிக்கு நாற்பது பேர் நெருக்கும் அறையில் செய்தால் கையும் ஓடாது காலும் ஓடாது. அங்கே பதறி இழக்கும் இருபது நிமிடம் காலையில் பனிப்பாலத்தின் மேல் கணக்குக் கேட்கும்.

மாலை 6 மணிக்குச் சாப்பாடு, 7 மணிக்குப் படுக்கை. தூக்கம் வராது, கவலை வேண்டாம். படுத்திருந்தாலே போதும்.

11. ஏறும் இரவு

கயம்பே, கோட்டோபாக்ஸி இரண்டுக்கும் நள்ளிரவு. சிம்போராசோவுக்கு கர்ரெல் குடிலிலிருந்து இரவு 10 மணி. சுமார் 5,300 மீட்டரில் உள்ள உயர்முகாமில் தங்கினால் 11 அல்லது 12. இத்தனை சீக்கிரம் கிளம்பக் காரணம் நிலநடுக்கோட்டு வெயில். ஆண்டு முழுவதும் 6 மணியை ஒட்டி விடிந்து, எட்டரைக்கெல்லாம் பனி கூழாகத் தொடங்கும். சிம்போராசோவில் எல் காஸ்டில்லோ பாறைக்குக் கீழே போகும் பாதையில் இரவு உறைவுதான் கற்களைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயில் பட்டதும் அவை விழும். அந்த இடத்தில் ஓய்வுக்கு நிற்கவே கூடாது.

லேசாகக் குளிரும்படி உடுத்திக் கிளம்புங்கள். இதமாகக் கிளம்பினால் இருபது நிமிடத்தில் வியர்க்கும், அந்த வியர்வை 5,500 மீட்டர் காற்றில் உறையும். ஒரு முழு வாக்கியம் பேச முடியாத வேகம் உங்களுக்கு அதிக வேகம். கைடிடம் சொல்லிக் குறைக்கச் செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நிற்பது. நின்றதும் முதல் வேலை இறகு ஜாக்கெட், பிறகு ஒரு வாய் உணவு, நான்கு மடக்குச் சூடான நீர். பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள், அந்த உயரத்தில் பசியே வராது.

கயம்பேயில் உச்சிக்குச் சற்றுக் கீழே பனி மலையை விட்டுப் பிரியும் பெரும்பிளவு உண்டு. ஆண்டுக்கு ஆண்டு அதைக் கடக்கும் இடம் மாறும், சில சமயம் கடக்கவே முடியாது. சிம்போராசோவில் முதலில் வருவது வெயின்டிமில்லா உச்சி. உண்மையான உச்சி விம்பர். இன்னும் 30 முதல் 60 நிமிடம். கூர்முனைப் பனியோ முழங்கால் ஆழப் பனியோ இருந்தால் அதற்கும் மேல். அந்த ஒரு மணி நேரத்தை முன்பே கணக்கில் சேர்க்காதவர்கள் அங்கே மனம் உடைகிறார்கள்.

12. திரும்பும் நேரம்

திரும்பும் நேரத்தைக் குடிலிலேயே, உடம்பும் மூளையும் தெளிவாக இருக்கும்போது முடிவு செய்யுங்கள். கோட்டோபாக்ஸிக்குக் காலை 8 மணி. உச்சி ஐம்பது மீட்டரில் தெரிந்தாலும் 8 மணி என்றால் 8 மணிதான்.

நடுவழியிலேயே சோதித்துக்கொள்ளலாம். நள்ளிரவில் கிளம்பி 3 மணிக்கு 5,350 மீட்டரைத் தொட்டிருந்தால் நன்றாகப் போகிறீர்கள். அதே இடத்துக்கு வர 4 மணி ஆகிவிட்டது என்றால் உங்கள் வேகம் மணிக்கு 120 மீட்டர். மீதி 547 மீட்டருக்கு நான்கரை மணி நேரம் வேண்டும், அதாவது எட்டரை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு 4 மணிக்கே திரும்புவது, 8 மணிக்குக் களைத்துத் திரும்புவதைவிட நல்லது. கால் விரலில் உணர்வு போய் கால் மணி நேரம் ஆகியும் திரும்பவில்லை, உடன் வருபவரின் பேச்சில் தெளிவில்லை, தொடர்ந்து வாந்தி ஆகியவற்றுக்கு நேரக் கணக்கே தேவையில்லை, அங்கிருந்தே இறக்கம்.

இறங்கும்போது வரிசை மாறும். கைடு பின்னால், மேலே இருப்பார், நீங்கள் முன்னால். மேலிருந்து பிடிக்க முடிவதால் இந்த வரிசை. களைப்பில் கால் இழுபட்டு, கிராம்பான் பல் எதிர்க்கால் உடையில் மாட்டி விழுவதுதான் இங்கே அதிகம். கால்களை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, குட்டையாக அடி வையுங்கள். பனி காலடியில் உருண்டையாக ஒட்டினால் கோடாரிக் கம்பால் காலணிப் பக்கத்தில் தட்டி உதிருங்கள்.

13. இரண்டு மலைகளுக்கு நடுவே

உச்சியிலிருந்து வந்த அன்று குடிலில் தங்காமல் 3,000 மீட்டருக்குக் கீழே போய்விடுங்கள். அங்கே ஒரு இரவில் கிடைக்கும் தூக்கம் 4,800 மீட்டரில் மூன்று இரவிலும் கிடைக்காது. காலணியின் உள்ளுறையை அன்றே கழற்றிக் காயவையுங்கள். வியர்வை ஈரம் தங்கினால் அடுத்த மலையில் விரல் மரக்கும். கொப்புளம் வந்த இடத்தைச் சுத்தம் செய்து ஒட்டுங்கள். உதட்டையும் மூக்குத் துளைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்: பனியில் பட்டுக் கீழிருந்து வரும் வெயில் அங்கேதான் சுடும், அங்கேதான் சன்ஸ்கிரீன் போட மறந்திருப்பீர்கள்.

அடுத்த நாள் காலை, மாடிப்படி இறங்கும்போது தொடை நடுங்குகிறதா, படுக்கையிலேயே நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 15-க்கு மேல் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் 12-ஆம் நாள் மாற்று நாளை இங்கே செலவழியுங்கள். இதற்காகத்தான் அது அட்டவணையில் இருக்கிறது.